அதிகம் ஓடிய டிஸ்க்

மகளின் கல்யாண டிஸ்க் ஒரே மூச்சில் கணினிக்குள் ஏறிவிட்டது. ஸ்டுடியோக்காரர் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் தாளை மகளே இன்றுதான் பிரித்தாள். பள்ளி ஆண்டு விழா, பட்டமளிப்பு என அவளுடைய மற்ற டிஸ்க்குகளின் மேலெல்லாம் அப்பாவின் கையெழுத்து. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. கெட்டுப்போவதற்குள் பிரதி எடுத்துவிடு என்று அப்பா தவறியதிலிருந்து அம்மா நச்சரித்தாள். அம்மாவுக்கு வேண்டியது எந்த டிஸ்க் என்பது இருவருக்கும் தெரியும்.

"பாத்தியாம்மா, என்னோடதெல்லாம் பளபளன்னு இருக்கு. யாராவது தொட்டாத்தானே!"

அம்மா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "உன்னைத்தான் நேர்ல பாக்குறேனே. உனக்கெதுக்குடி டிஸ்க்கு?"

அண்ணனுக்கு இருப்பது ஒன்றே ஒன்று, ஒன்பதாவது பிறந்தநாள். அடுத்த பிறந்தநாளுக்கு முன்பே காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. அதன்பின் மத்தியான வேலைகள் முடிந்ததும் அம்மா அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பள்ளியிலிருந்து வரும் மகள், டிவியில் அண்ணன் தெரிந்தால் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள்.

இப்போது அந்த டிஸ்க் டிரைவுக்குள் கரகரத்தது. பிரதி பாதியில் நின்றது. நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே இடம். ஓட்டிப் பார்த்தாள், அண்ணன் கேக் வெட்டக் கத்தியைக் கையில் எடுத்ததும் படம் உறைந்தது.

அம்மா எழுந்து வந்தாள். "நான் போட்டுப் போட்டுத்தான் தேஞ்சிருச்சு, இல்ல?"

"டிரைவ் பழசும்மா. அதான்."

அம்மா திரையையே பார்த்தாள். "இனிமே கேக்கை வெட்டுவான். அப்பாவுக்குக் குடுன்னு எல்லாரும் கத்துவாங்க. காதுலயே போட்டுக்க மாட்டான். துண்டை எடுத்துக்கிட்டு மேஜைக்கு அடியில குனிவான்."

"அடியில என்ன?"

"நீதான். பலூன் வெடிச்சிருச்சுன்னு பயந்து ஒளிஞ்சிருந்த. உனக்குத்தான் முதல்ல ஊட்டுவான். மூக்கெல்லாம் கிரீம்."

"இதுல நான் இருக்கேனா?"

"ஒரு நாளாவது பக்கத்துல வந்து உக்காந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

படிக்க முடியாத பகுதியை விட்டுவிட்டுத் தொடரவா என்று திரையின் மூலையில் ஒரு கட்டம் கேட்டது. மகள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். டிரைவ் முனகி, இன்னொரு தரம் சுற்றிப் பார்த்தது. கத்தியும் கையுமாக நின்ற அண்ணன், காமிராவைப் பார்க்கவில்லை. கீழே, மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரிப்பின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது.