கில்பர்ட் சாமியின் கல்யாண ஓலை

எங்கள் கில்பர்ட் சாமி இருபது வருடம் லத்தீனில் பூசை வைத்தவர். மூக்கால் முனகுவார்; ஓர் எழுத்துப் புரியாது. ஒருமுறை நடுவில் "விலாங்கு மீன் வாங்கணும்" என்பதையும் அதே ராகத்தில் நுழைத்தார். ஊரே பக்தியோடு "ஆமென்" போட்டது. பக்கத்தில் மணியோடு நின்ற கோவில்பிள்ளை நான் மட்டும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிறகு புது ராஜா வந்தார், புது உத்தரவுகள் வந்தன. சிலைகளை உடை, சுவரில் சுண்ணாம்பு அடி, ஜெபத்தைச் சனங்களுக்குப் புரியும் பாஷையில் சொல். நாங்கள் பல்வலிக்குக் கும்பிட்ட அப்போலோனியம்மாள் சிலை, சுத்தியல் வருவதற்கு முந்தின நாளே காணாமல் போனது. அது எங்கே என்று சாமிக்கும் எனக்கும் சாமி வீட்டில் சமைக்கும் தாமசினுக்கும் தெரியும். அவளுடைய மாவுப்பெட்டியில்தான்.

சாமி இன்னும் பழைய மதம்தான் என்று யாரோ பிஷப் வரைக்கும் கோள் மூட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை விசாரணைக்கு அதிகாரி வருகிறார் என்று தகவல். பழைய மதத்துக்காரர் என்று முத்திரை விழுந்தால் சாமிக்குக் கோவிலும் போகும், வீடும் போகும்.

"வால்ட்டர், இப்பதான் சாமியாரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு சட்டம் வந்துருச்சே. பண்ணிக்கிட்டவங்க மேல சந்தேகமே படமாட்டாங்களாம்" என்று சனிக்கிழமை என்னிடம் சொன்னார் சாமி.

"பொண்ணு?"

"தாமசின்தான், வேற யாரு?"

"அவகிட்ட கேட்டீங்களா?"

சாமியின் காது சிவந்தது. "கேட்டா கரண்டியால அடிப்பா. மூணு ஞாயிறு கோவில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சுட்டாப் போச்சு. அவளுக்கு எங்க காதுல விழப்போகுது?"

பாவம், இருபது வருடப் பழக்கம். தான் கோவிலில் சொல்வது யாருக்கும் புரியாது என்றே நம்பிவிட்டார்.

ஞாயிறு. முன் வரிசையில் அதிகாரி, மடியில் காகிதம். சாமி பழைய ராகத்திலேயே மூக்கால் இழுத்தார்: "இந்தக் கோவிலைச் சேர்ந்த கில்பர்ட் பாஸ்குக்கும் தாமசின் கிரேனுக்கும் கல்யாணம். இது முதல் ஓலை. தடை இருந்தா சொல்லலாம்."

"எனக்கு இருக்கு!"

தாமசின் எழுந்து நின்றாள். இவள் கோபத்தில் மாவுப்பெட்டியைத் திறந்துவிட்டால் என்ன ஆவது?

"என்னம்மா தடை?" என்றார் அதிகாரி.

"என்கிட்ட யாரும் கேக்கவே இல்லிங்க."

கோவில் கொல்லென்று சிரித்தது. அதிகாரி சாமியைப் பார்த்தார். "இப்ப கேளுங்க."

சாமி வாய் திறந்தார்; வந்தது லத்தீன்.

"சாமி, புரியிற மாதிரி சொல்லுங்க. ராஜா உத்தரவு" என்றாள் தாமசின்.

சாமி படியிறங்கி வந்தார். "தாமசின், நீ சந்தைக்குப் போற அன்னிக்குக்கூட எனக்கு வீட்டுல இருப்புக் கொள்ளாது. இருபது வருஷமா சொல்ல பயம். என்னைக் கட்டிக்கிறியா?"

மூக்கால் பேசாத அவர் குரலை அன்றுதான் நாங்கள் கேட்டோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதிலென்ன வெட்கம்?

"யோசிச்சுச் சொல்றேன். இன்னும் ரெண்டு ஓலை இருக்குல்ல?" என்று அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரியும் விடவில்லை. மூன்றாவது ஓலை வரை சத்திரத்திலேயே தங்கிவிட்டார். அந்த இரண்டு வாரமும் சாமி சரியாகச் சாப்பிடவில்லை. தாமசின் அவரைத் தவிக்கவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

மூன்றாவது ஞாயிறு. "தடை இருந்தா..." என்று சாமி பாதியில் நிறுத்தினார். கோவில் முழுக்கத் திரும்பி தாமசினைப் பார்த்தது.

அவள் இதுவரை அவரைச் சாமி என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

"என்னங்க, சீக்கிரம் வாசிச்சு முடிங்க. அடுப்புல கறி கருகுது" என்றாள்.