புல் இல்லாத தீவு

என் லேப்டாப்பின் எடை ஒரு கிலோ நூறு கிராம். கடைக்காரன் அதைத்தான் பெருமையாகச் சொல்லி விற்றான். ஒரு விரலால் தூக்கியும் காட்டினான். உள்ளே ஒன்றும் இல்லாததால்தான் அவ்வளவு லேசு என்பது தாராவிக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் தெரிந்தது. சயானில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிப்போர்ட் டைப் அடிக்கிறவள் நான். அந்த வேலைக்கு அது போதும். சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அடித்தால் சமர்த்தாக வாங்கிக்கொள்ளும். விளையாட்டு என்று வந்தால்தான் மூச்சு முட்டும்.

நான் ஆடுவது ஒரே ஒரு ஆட்டம். பத்துப் பேரை ஒரு தீவில் இறக்கிவிடுவார்கள். ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள வேண்டும், கடைசியில் மிஞ்சுகிறவருக்கு வெற்றி. முதல் நாள் தீவு திறக்கவே பதினோரு நிமிடம் ஆனது. திறந்ததும் அப்படியே நின்றுவிட்டது. பிறகு ஒரு வீடியோவில் ஒருவன் இந்தியில் சொன்னபடி செட்டிங்ஸில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினேன். எது எதற்கென்று பார்க்கவில்லை. அவன் இறக்கச் சொன்னான், இறக்கினேன். மைக்கைத் திறந்தால் படம் நின்றது, அதையும் மூடினேன். அதன்பிறகு தீவு ஓடத் தொடங்கியது. தரை முழுக்கக் காக்கி நிறம். ஆறு என்பது விரித்துப்போட்ட நீலத் தார்ப்பாய். மனிதர்களுக்கு மூக்கு கிடையாது. தீவென்றால் இப்படித்தான் இருக்கும் என்று நானும் இருந்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது சூடு. பத்து நிமிடம் ஆடினால் அடிப்பக்கத்தில் அப்பளம் சுடலாம். அதற்கு ஒரு தாம்பாளத்தில் ஐஸ் கட்டிகளைப் பரப்பி, அதன்மேல் இன்னொரு தாம்பாளத்தைக் கவிழ்த்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்தேன். அம்மா சகாயராணி, நான் உட்காரும் மாளா என்கிற பரண் அறைக்கு ஏறும் இரும்பு ஏணியில் பாதி ஏறி நின்று எட்டிப் பார்த்தாள்.

"சீலா மீன வைக்க மாதிரில்லா வச்சிருக்கே. ஏட்டி, அதுல வேலையும் பாப்பியா?"

"பாப்பேன், பாப்பேன்" என்றேன்.

இரண்டு வருடம் ஆடியும் ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. அந்தத் தீவுக்கு வருகிறவர்களுக்கு ஏன் அவ்வளவு தூக்கம்? வந்து இறங்குவான், துப்பாக்கியை எடுப்பான், பட்டப்பகலில் நடு மைதானத்தில் குப்புறப் படுத்துவிடுவான். எதிரே நான் நடந்து போனாலும் அசையமாட்டான். கிட்டப் போய்ச் சுடுவேன். நாளெல்லாம் உழைத்துவிட்டு ஆட உட்காருகிறவர்கள், அசந்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மனசு உறுத்தியது. ஒரு சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் எங்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன்.

"படுத்துக் கெடக்கவனச் சுடுதேன் ஃபாதர். அவன் எந்திரிக்கக்கூட மாட்டான்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. "எங்க வச்சு, மகளே?" என்றார். குரல் நடுங்கியது.

"லேப்டாப்புல, ஃபாதர்."

பெரிய பெருமூச்சு ஒன்று கேட்டது. மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்த வருடத் திருவிழாவுக்கு இளைஞர் குழுவினர் கேரம் போட்டியைத் தூக்கிவிட்டு, இதே ஆட்டத்தைப் பங்கு ஹாலில் வைத்தார்கள். யாரும் கலந்துகொள்ளலாம், அவரவர் லேப்டாப்பை அவரவர் கொண்டுவர வேண்டும். பரிசு ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர். நான் பேர் கொடுத்த அன்றே அம்மா அலமாரியில் அதற்கு இடம் ஒதுக்கிவிட்டாள்.

செம்பூரிலிருந்து சாஜன் என்று ஒருவன் வந்திருந்தான். அவனுடைய லேப்டாப் சக்கரம் வைத்த தள்ளுவண்டிப் பையில் வந்தது. திறந்ததும் சிவப்பும் பச்சையுமாகத் திருவிழாச் சப்பரம் மாதிரி ஜொலித்தது. என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, என் தாம்பாளத்தைப் பார்த்து, "க்யா ஹை யே? ஜூஸ் கடையா?" என்றான். பதில் சொல்ல வாய் துறுதுறுத்தது. குக்கரை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

பத்துப் பேரும் இறங்கினோம். வழக்கம்போல எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போய்ப் படுத்தார்கள். நான் வழக்கம்போல நடந்துபோய் ஒவ்வொருவராகச் சுட்டேன். கடைசியில் மிஞ்சியது சாஜன். ஆற்றங்கரையில் குப்புறக் கிடந்தான். நேரே போய், தலைமாட்டில் நின்று சுட்டேன். அந்த நிமிடமே என் லேப்டாப்பும் உயிரை விட்டது. திரை கருப்பாகிவிட்டது.

சாஜன் நாற்காலி விழ எழுந்தான். "அழுகுணி ஆட்டம்! இடுப்பளவு புல்லுக்குள்ள ஏழு நிமிசமா மூச்சு விடாம கெடக்கேன். நேரா வந்து தலைல சுடுதா! ஏதோ ஹேக் போட்டிருக்கா!"

"எந்தப் புல்லு?" என்றேன்.

ஹாலே சிரித்தது. நான் நடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். செத்துப்போன மற்றவர்களும் எழுந்து, தாங்களும் புல்லுக்குள் இருந்ததாகச் சாட்சி சொன்னார்கள். இளைஞர் குழுத் தலைவன் கிறிஸ்டோ என் லேப்டாப்பைத் தட்டிப் பார்த்தான். கருப்புத் திரை. தடயத்தை அழித்துவிட்டேன் என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

"ஜெனிஃபர், நீ ஏமாத்தலன்னு நிரூபிச்சுரு" என்றான் கிறிஸ்டோ. "இல்லன்னா உன் பேர அடிச்சிருவோம். நாளைக்குப் பூசை முடிஞ்சதும் அறிவிப்புல சொல்லணும்."

குக்கர் போனால் போகட்டும். ஆனால் நாளைப் பூசையில் முதல் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருப்பாள். எங்கள் கல்லிச் சந்தில் அழுகுணி ஜெனிஃபர் என்று ஒருமுறை பேர் விழுந்தால் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் கூடவே வரும். நான் செய்யாத தப்புக்கு எப்படி நிரூபணம் காட்டுவது?

தகராறு சாமியாரிடம் போனது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். படுத்துக் கிடக்கிறவனை நான் எவ்வளவு வருத்தத்தோடு சுடுகிறேன் என்பது உலகத்திலேயே அவருக்கு மட்டும்தான் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிரே போனாலும் வெளியே சொல்லக்கூடாது. அவர் முகம் சிவந்தது. மின்விசிறியைப் பார்த்தார், இருமினார், தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"லேப்டாப்ப மாத்தி இன்னொருக்க ஆடுங்க" என்றார் கடைசியில். "அவளுது சாஜனுக்கு, சாஜனோடது அவளுக்கு. இதுல ஜெயிக்கவனுக்குத்தான் குக்கர். அவ ஏதாவது போட்டிருந்தா சாஜனே கண்டுபிடிச்சிருவான்."

என்னுடையதை மறுபடி உயிர்ப்பிக்கக் கால் மணி நேரமும் புதிதாக ஒரு தட்டு ஐஸும் பிடித்தன. பிறகு சாஜனுடைய சப்பரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தேன். தீவு திறந்தது.

என்னால் கையை அசைக்க முடியவில்லை.

புல் இருந்தது. என் இடுப்பு வரை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, காற்றில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. நடுநடுவே ஊதா நிறத்தில் சின்னப் பூ. இரண்டு வருடம் நான் தார்ப்பாய் என்று நினைத்து மிதித்துப் போனது ஓடுகிற தண்ணீர். அதற்குள் கூழாங்கல் தெரிந்தது. வானத்தில் மேகம், மேகத்துக்குக் கீழே கொக்குக் கூட்டம். நான் சுட்டுப் பழகிய வீட்டின் சன்னலில் ஒரு கோழிக்குஞ்சுப் படம் போட்ட திரைச்சீலை. எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு கொக்குகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து மேசையில் சாஜன் அலறினான். "அரே! புல்லே இல்லப்பா! ஒரு செடி இல்ல! எல்லாவனும் மொட்டத் தரையில கெடக்கான்!"

ஹாலே அவன் முதுகுக்குப் பின்னால் திரண்டது. ஆடிக்கொண்டிருந்தவர்களும் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து தங்களைத் தாங்களே பார்த்தார்கள். பிச்சையா என்கிற டாக்சி டிரைவர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"அந்தக் குண்டியத் தூக்கிட்டுக் கெடக்கது நானா?"

"நீங்கதான் அண்ணே" என்றான் கிறிஸ்டோ.

"நான் என்னமா ஒளிஞ்சிருக்கேன்னுல்லா நெனச்சேன்" என்று போய் உட்கார்ந்துவிட்டார்.

சாஜன் கெட்டிக்காரன். தாம்பாளத் தண்ணீர் சட்டைக் கையை நனைக்க நனைக்க ஒவ்வொருவராகச் சுட்டு முடித்தான். கடைசியாக, ஆற்றங்கரையில் வானத்தைப் பார்த்து நின்ற என்னையும் சுட்டான். பிறகு எழுந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "இவ அழுகுணி இல்லப்பா. செட்டிங்ஸ எல்லாம் எறக்கி வச்சதுல இதுல புல்லே வரல. பாவம், இவ புல்லையே பாத்ததில்ல."

என் பேர் தப்பித்தது. சாமியார் இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஆண்டவருக்கு நன்றி சொன்னார். ஆனால் அந்தப் பாவம் என்கிற வார்த்தைதான் எனக்குப் பொறுக்கவில்லை. அழுகுணி என்றே விட்டிருக்கலாம். சாஜன் குக்கரைத் தள்ளுவண்டிப் பையில் போட்டுக்கொண்டு செம்பூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனான்.

மறுநாள் ஞாயிறு, பூசை முடிந்து சாப்பிட்ட பிறகு ஐஸ் எடுத்து வைத்து என் தீவைத் திறந்தேன். அதே காக்கித் தரை, அதே தார்ப்பாய். நடு மைதானத்தில் ஒருவன் குப்புறப் படுத்திருந்தான். முழங்கையை ஒடுக்கிக்கொண்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு, தன்னை யாருமே பார்க்க முடியாது என்று முழுசாக நம்பிக்கொண்டு கிடந்தான். அவனைச் சுற்றிலும் இப்போது பூ ஆடிக்கொண்டிருக்கும். எனக்குத்தான் தெரியாது.

துப்பாக்கியைத் தூக்கினேன். தூக்கியதை இறக்கினேன். அவனைப் பார்க்காதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவன் பக்கமாகவே நடந்து போனேன். நாலு எட்டு கடந்திருப்பேன், முதுகில் சுட்டுவிட்டான்.

சத்தம் கேட்டு அம்மா கீழேயிருந்து கூப்பிட்டாள். "என்னட்டி, செத்துட்டியா?"

"ஆமாம்மா."

"யாரு சுட்டா?"

"தெரியலம்மா" என்றேன். "புல்லுக்குள்ள இருந்தான்."