வெயில் நாள் தண்ணீர்

தம்பியின் தொட்டிகளில் மீன்குஞ்சுகள் வயிற்றைக் காட்டி மிதந்தபோது, ஊரே அவனைத்தான் கைகாட்டியது. தீனியை அள்ளிக் கொட்டியிருப்பான், தொட்டியைக் கழுவியிருக்க மாட்டான் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மீன்வளத் துறை விசாரணைக்கு நாள் குறித்தது. அஜாக்கிரதை என்று முடிவானால் ஓடைக்கரை இடத்தை அவன் காலி செய்ய வேண்டும்.

அந்த இடத்தைப் பார்த்துச் சொன்னதே அக்காதான். நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பதினோரு வருஷ உத்தியோகம். மாதம் ஒரு முறை மலையேறி, மீட்டரை ஓடையில் முக்கி அளவெடுத்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

சின்ன ஓடை. உச்சிக்குக் கீழே சதுப்பில் கசிந்து, சுண்ணாம்பு துளியும் இல்லாத பாறைமேல் உருண்டு, இரண்டு இடத்தில் குதித்து, நாலு கிலோமீட்டருக்குள் ஆற்றில் விழுந்து காணாமல் போய்விடும். தண்ணீரில் கொஞ்சம் அமிலம் உண்டு. மீட்டரில் ஏழு என்றால் நடுநிலை. எண் குறையக் குறைய அமிலம் ஏறுகிறது என்று அர்த்தம். அவள் பதிவேட்டில் எப்போதும் ஆறு, மிஞ்சினால் ஆறு புள்ளி இரண்டு. இந்தத் தண்ணீரைத் தொட்டிகளுக்குத் திருப்பித் தாராளமாக மீன் வளர்க்கலாம் என்று தம்பிக்குத் தைரியம் சொன்னவளும் அவளேதான்.

பதிவேட்டில் இல்லாதது மழை. மழையில் அந்தப் பாதை ஆளை உருட்டிவிடும். வானம் மூடினால் வேறு நாள் போகலாம் என்று கூடத்தில் விதி இருந்தது. அவள் வேறு நாள்தான் போனாள். ஒவ்வொரு முறையும். விதியே சொல்லும்போது என்ன உறுத்தல்?

குஞ்சுகள் செத்தது பெருமழைக்கு மறுநாள். அதற்கு மூன்றாம் நாள் மறுபடி கொட்டியது. யாரிடமும் சொல்லாமல் ஏறினாள். இரண்டு முறை விழுந்து, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, மீட்டரை முக்கினாள்.

நான்கு புள்ளி நான்கு.

மீட்டர்மேல் சந்தேகப்பட்டு, கையோடு கொண்டுபோன, அளவு தெரிந்த கரைசலில் சரிபார்த்துவிட்டு மறுபடி முக்கினாள். அதே நான்கு புள்ளி நான்கு. சதுப்பில் மாதக்கணக்கில் ஊறிக் கிடந்த அமிலத்தை மழை ஒரே மூச்சில் வழித்துக்கொண்டு வந்திருந்தது. மீனின் செவுளை அடைக்கும் அலுமினியத்தையும் மண்ணிலிருந்து கரைத்துக்கொண்டு. செத்த குஞ்சுகளின் செவுள்களில் ஏன் வெள்ளைப் பிசுபிசுப்பு படிந்திருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

ஈரச் சேலையோடு கூடத்துத் தலைமை அதிகாரியின் முன் போய் நின்றாள். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். பதிவேட்டைப் புரட்டி, ஒரு மாதம்கூட விடுபடாத இப்படி ஒரு வேலையைத் தான் பார்த்ததில்லை என்று மெச்சினார். பிறகு மூடி வைத்தார்.

“நூத்தி முப்பது தடவைக்கு மேல ஆறுக்குக் கீழ இறங்காத ஓடை, இன்னிக்கு மட்டும் நாலுன்னா யாரும்மா நம்புவா? அதுவும் தம்பிக்காக அக்கா கொண்டு வந்த நம்பர்.”

“மழையில எடுத்தா எப்பவும் இப்படித்தான் வரும் சார்.”

“எப்பவும்னு எப்படிச் சொல்றீங்க? இதுக்கு முன்னாடி எப்பவாவது எடுத்திருக்கீங்களா?”

மீட்டருக்குள் மழை இறங்கியிருக்கும் என்று அவரே அவளுக்கு ஒரு சமாதானமும் சொல்லி அனுப்பினார். அந்த எண் பதிவேட்டில் ஏறவே இல்லை.

விசாரணை நாளில் வானம் பளிச்சென்று இருந்தது. அதிகாரிகள் நேரில் வந்து அளந்தார்கள். ஆறு புள்ளி ஒன்று. மேஜைமேல் அவளுடைய பதிவேடு விரிந்து கிடந்தது. அடித்தல் திருத்தல் இல்லாத, குண்டு குண்டான அவள் கையெழுத்து. மழைநாள் அளவைப் பற்றி எழுந்து சொன்னாள். குறித்துக்கொள்கிறோம் என்றார்கள், பேனாவை யாரும் திறக்கவில்லை. தண்ணீர்மேல் குற்றம் இல்லை, வளர்த்தவன் அஜாக்கிரதை என்று அரை மணியில் தீர்ப்பாகிவிட்டது.

மாலையில் தம்பி தொட்டிகளைக் காலி செய்துகொண்டிருந்தான். உதவிக்குக் குனிந்தவளைத் தடுக்கவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. வலையைச் சுருட்டிக் கட்டியபடியே கேட்டான்.

“ஏன்க்கா, இந்தப் பதினோரு வருஷத்துல இங்க மழையே பெய்யலையா?”

“பெஞ்சுது” என்றாள். “நான்தான் போகல.”

அவன் அடுத்த வலையை எடுத்தான்.