துரையின் நாற்காலிக்கு மாலை

பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த அந்தச் சின்ன அருங்காட்சியகத்தில், மறுநாள் காலை நாட்டின் வரலாற்றுக்குத் திறப்பு விழா. அந்த வரலாற்றில் பாதி, காப்பார் ஊரில் இருக்கும் பரமேஸ்வரன் வீட்டிலிருந்து இரவல் வந்தது. ரயில் விளக்கு, ரப்பர்ப் பால் வாளி, நடு மேடையில் தோட்டத்துத் துரையின் நாற்காலி. மனுஷன் கோபித்துக்கொண்டு எல்லாவற்றையும் லோரியில் ஏற்றிவிட்டால் மிஞ்சுவது ஏர்கோன் குளிர் மட்டும்தான்.

கோபிக்கக் காரணமும் இருந்தது. "இதுல உட்கார்ந்துதான் தொர தோட்டத்தையே ஆண்டாரு" என்று அவர் பெருமையாகக் கொடுத்த நாற்காலியின் மெத்தையை, ஆய்வாளர் மாதவி நேற்றுத் தூக்கிப் பார்த்தாள். நடுவில் வட்டமாக ஓட்டை. ஓட்டைக்கு அடியில் சட்டி வைக்க இடம். பழைய பங்களாப் படங்களோடு ஒப்பிட்டதில் சந்தேகம் தீர்ந்தது. துரை அதில் உட்கார்ந்து ஆண்டது தோட்டத்தை அல்ல.

இன்று ஆயுத பூஜை வேறு. காவலாளி சபாபதி விடிந்ததும் விடியாததுமாய் வந்து, கண்ணில் பட்ட பொருளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். நாற்காலிக்கு மாலையே போட்டுவிட்டார்.

"அங்கிள், மியூசியம் பொருளத் தொடவே கூடாது!"

"தொடலம்மா. பொட்டுதான் வச்சேன்."

"இதுக்கு எதுக்கு மாலை?"

"நடுவுல இருக்குலா."

பொட்டைத் துடைக்க மாதவி பஞ்சை எடுப்பதற்குள் பரமேஸ்வரன் வந்துவிட்டார். மாலையைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு, பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னும் தாமதித்தால் தேங்காய் உடைப்பார் என்று பயந்து, மாதவி மெத்தையைத் தூக்கினாள்.

"மன்னிச்சிருங்க அங்கிள். இது தொர வெளிக்குப் போற நாற்காலி. அட்டையில அப்படித்தான் எழுதணும்."

அவர் ஓட்டையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சபாபதி நைசாக மாலையைக் கழற்றப் போனார்.

"விடுங்கண்ணே," என்றார் பரமேஸ்வரன். "எங்க தாத்தா பங்களாவுல வேலை செஞ்சப்ப தினம் காலைல இதக் கழுவித் தொடைப்பாராம். ஒரு மரச் சாமானுக்கு இவ்ளோ மரியாதையான்னு நெனைச்சேன்!" சிரிப்பில் தோள் குலுங்கியது. "அப்ப இது தொரைக்கு நாற்காலி, தாத்தாவுக்கு ஆயுதம். பொட்டு இருக்கட்டும்மா. அட்டையில அவரு பேரப் போடு. தம்புசாமி. பெரிய எழுத்துல."

மாதவிக்கு உயிர் வந்தது. எழுதிக்கொண்டே கேட்டாள்: "இதோட சட்டியும் கெடைச்சா நல்லாருக்கும் அங்கிள்."

"இருக்கே! வீட்டு வாசல்ல. அதுலதான் கறிவேப்பிலைச் செடி வச்சிருக்கோம்."

போன வாரம் அவர் வீட்டில் ரசத்தை மறுபடி கேட்டு வாங்கிக் குடித்திருந்த மாதவி, பேனாவைக் கீழே வைத்தாள்.