இடது கதவின் கைப்பிடி

பழைய காருக்கு இணையத்தில் உதிரிபாகம் வாங்கினால், அந்தப் பாகத்தை நெடுநாள் புழங்கிய ஆளும் கூடவே வருவார். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், பிரேமாவதிக்கும் தெரியும். அவளுடைய ஆத்திரம் அதன்மேல் இல்லை. பத்து நாளில் வரும் என்று போட்டுவிட்டு இருபத்திரண்டு நாள் இழுத்தடித்தார்களே, அதன்மேல்தான்.

திருச்சி உறையூரில் அவள் வீட்டு ஷெட்டில் அறுபத்து நான்காம் வருடத்து ஃபியட் ஒன்று ஓடாமல் நின்றது. எந்தக் கடையிலும் அதற்கு ஒரு திருகாணிகூடக் கிடைக்காது. போன பொங்கலுக்கு வந்திருந்த நாத்தனார் சொர்ணவல்லி, நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போனாள்.

"இந்தத் தகர டப்பா புதுக்கோட்டைக்கு வந்து என் வீட்டு வாசல்ல நின்னுச்சுன்னா, உள்ளங்கையில சூடம் ஏத்தி உனக்கு ஆரத்தி எடுக்கிறேன்டி பிரேமா."

சொர்ணவல்லியின் மகனுக்கு ஆவணி மூன்றாம் தேதி வீட்டிலேயே கல்யாணம். அன்றைக்கு அந்தக் காரில் போய் அந்த வாசலில் நிற்காவிட்டால் தான் மனுஷியே இல்லை என்று பிரேமாவதி முடிவு செய்துகொண்டாள்.

டிக்கிப் பூட்டோடு நாகர்கோவில் அற்புதராஜ் வந்தார். முன்விளக்கோடு டெய்சி டீச்சர் வந்தார். வைப்பர் மோட்டாரோடு தேனியிலிருந்து ஓர் அண்ணனும் தம்பியும் வந்தார்கள். சொத்துத் தகராறு, இருவரும் பேசிக்கொள்வதில்லை. "பாகம் ஒன்று, ஆள் இரண்டு" என்று இருந்த தாளில் பிரேமாவதி கையெழுத்துப் போட்டாள்.

எல்லாவற்றையும் பொருத்தியதும் கார் ஓடியது. பின்சீட்டில் அண்ணன் ஓர் ஓரம், தம்பி ஓர் ஓரம், நடுவில் அற்புதராஜ். முன்னால் ஓட்டுவதற்கு அவள் கணவர் ஞானவேல், பக்கத்தில் டெய்சி டீச்சர். பிரேமாவதி வெளியே நின்றாள்.

"நான் எங்கே உக்காருறது?"

"தள்ளி உக்காரச் சொல்லட்டுமா?" என்றார் ஞானவேல்.

"பார்சல்ல வந்தவங்க தள்ளி உக்காருவாங்களா?"

அவர்கள் தள்ளி உட்காரவில்லை. அவள் கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"பாகம் மட்டும் போதும். ஆளுங்களைத் திரும்ப எடுத்துக்கோங்க."

"வந்தவங்களுக்குக் காப்பி எதுவும் கொடுத்தீங்களாம்மா?"

"வீடு தேடி வந்தவங்க மூஞ்சியில கதவைச் சாத்தச் சொல்றீங்களா?"

"காப்பி கொடுத்துட்டா புழங்கினதாயிடும்மா. திரும்ப எடுக்க மாட்டோம்."

"டீச்சர் பாதிதான் குடிச்சாங்க."

"பாதின்னாலும் அப்படித்தாம்மா."

அன்று காலை முழுக்கப் பாத்திரங்களை உருட்டிக்கொண்டே யோசித்தாள். அவள் வீட்டுக் காரில் அவளுக்கு இடமில்லை, கேட்டால் காப்பி கொடுத்தது குற்றம் என்கிறார்கள். இதை எங்கே போய்ச் சொல்வது? அப்புறம் ஷெட்டுக்குப் போய், முன்பக்க இடது கதவில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியைக் கழற்றினாள். கார் ஓடிய காலத்தில் அதை அவளைத் தவிர யாரும் சுற்றியதில்லை. படம் எடுத்து விற்பனைக்குப் போட்டாள். ஞானவேல் அதை வாங்கினார். ஓடிபியைப் படிக்கக் கண்ணாடி அகப்படாமல் இரண்டு முறை தவறவிட்டார், அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் கூரியர்காரர் வந்து கைப்பிடியைப் பெட்டியில் போட்டார். அவள் தோளில் ஒரு சீட்டை ஒட்டப் போனார்.

"பட்டுப் புடவை தம்பி. கையில ஒட்டுங்க."

மதுரைக் கிடங்கில் இரண்டு நாள் மூன்றாம் அடுக்கில் உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி இல்லை என்று அங்கேயும் சண்டை போட்டாள். ஆவணி மூன்று காலையில் உறையூரில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஞானவேல் கையெழுத்துப் போட்டு, தாமதிக்காமல் காப்பி கொடுத்தார்.

கதவின் பாகத்தோடு வந்தவருக்குக் கதவோரம்தான் இடம். டெய்சி டீச்சர் தகராறு செய்யவில்லை. முன்னால் பானட்டின் மேல் ஏறி, தன் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடையை விரித்துக்கொண்டார்.

புதுக்கோட்டையில் சொர்ணவல்லியின் வீட்டுக்கு வாசல் இல்லை. சுவர் மட்டும் நேராகப் போயிற்று. பந்தல்காரர் விவரம் சொன்னார்.

"உங்க கார் ஓடுதுன்னு கேள்விப்பட்டதும் அக்கா வாசலை வித்துட்டாங்க. நிலை, கதவு, படியோட. காரைக்குடிக்காரங்க வாங்கியிருக்காங்க. இப்பத்தான் லாரி போகுது."

வாசலை நெடுநாள் மிதித்தவர்கள் என்பதால் சொர்ணவல்லியும் மாப்பிள்ளையும் அதோடு போயிருந்தார்கள். கல்யாணப் பெண் மட்டும் உள்ளே மணவறையில் இருந்தாள். அவள் அந்த வாசலுக்குப் புதுசு.

"பெத்த பிள்ளை கல்யாணத்தன்னைக்கு வாசலை விப்பாளா ஒருத்தி!" என்றாள் பிரேமாவதி. "என்னைத் தோக்கடிக்கணும்னா குடியிருக்கிற வீட்டைக்கூட வித்துடுவா. எடுங்க வண்டியை."

காரைக்குடிச் சாலையில் சுங்கச்சாவடி வரிசையில் லாரி நின்றது. அதன் பின்புறம் திறந்திருந்தது. மாவிலைத் தோரணத்தோடு வாசலை நிமிர்த்திக் கட்டியிருந்தார்கள். படியில் சொர்ணவல்லி நின்றாள், அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை. ஃபியட் நேராகப் போய் அந்த வாசலில் நின்றது.

பிரேமாவதி கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினாள்.

"அண்ணி, சூடம் இருக்கா?"

"நடுரோட்டுல நின்னா அது சேர்த்தியா?"

"நானா ரோட்டுக்குக் கொண்டுவந்தேன் உங்க வாசலை?"

சொர்ணவல்லி படியிறங்கி வந்தாள். உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றினாள்.

"மூணாவது சரியாச் சுத்தலை," என்றாள் பிரேமாவதி. "இன்னொண்ணு சுத்துங்க."

சொர்ணவல்லி இன்னொன்று சுற்றினாள்.

பின்னால் நின்ற வண்டிகளிலிருந்து ஆட்கள் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையாக வாசலுக்குள் ஏறிப் போனார்கள். சுங்கச்சாவடிக்காரர் தன் கூண்டிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து, ஒவ்வொருவரிடமும் பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்டு நீட்டினார். பேருந்தில் வந்தவர்களுக்கு இரண்டாம் பந்தி என்றார்.