கதவில் தொங்கிய பலகை

வாசகர்களே, இந்த அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள்! ஒன்றரைக் கிலோ பெண்சிசு வார்டில் குளிர்ந்துகொண்டிருந்தது. சூடேற்றும் பெட்டிகள் நிரம்பியிருந்தன. தாய்க்கு அறுவை மயக்கம் தெளியவில்லை. தந்தையோ வாசலில் தடுக்கப்பட்டிருந்தான். ‘ஆண்களுக்கு அனுமதியில்லை’ என்றது பலகை.

“விட்டா என் வேலை போயிடும், சிஸ்டர்,” என்றார் காவலாளி.

“உசுரு போனா, அண்ணே? குழந்தைக்கு ஆம்பளை நெஞ்சு, பொம்பளை நெஞ்செல்லாம் தெரியாது, சூடுதான் தெரியும்!”

செவிலி கதவைத் திறந்தாள். தந்தையின் வெற்று மார்பில் சிசுவைக் கிடத்தித் துணியால் கட்டினாள்.

“மூச்சு விடலாமா, சிஸ்டர்?”

“விடுங்க தம்பி. அதைக் கேட்டுத்தான் அவளும் விடணும்.”

முக்கால் மணி நேரம் வெப்பமானியையே பார்த்திருந்தார்கள். சில்லிட்ட பாதங்களில் சூடு ஏறியது.

பலகை மட்டும் இன்னும் தொங்குகிறது. உங்கள் ஊர் மருத்துவமனையிலும் தொங்கினால், நாளையே திரண்டு சென்று கழற்ற வையுங்கள்!