கறுப்புக் காருக்கு ஒரே கை

கார்களுக்கு மெருகு போடும் அந்தக் கடையை இரண்டு பெண்கள் நடத்தினார்கள். வருகிறவர்களுக்கு மூத்தவர் பெரியக்கா, இளையவள் சின்னக்கா. அக்கா தங்கை என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால் பெரியக்கா, சின்னக்காவின் கணவனோடு பிறந்த மூத்தவர், அவளுக்கு அண்ணி.

கடையைத் தொடங்கியது அண்ணி. அதனால் சட்டமும் அவருடையதுதான்: எந்தக் கார் வந்தாலும் மூன்று கை. முதல் கையில் கீறலை வெட்டி எடுக்க வேண்டும், இரண்டாவது கையில் மெருகேற்ற வேண்டும், மூன்றாவது கையில் மெழுகு பூச வேண்டும். இந்த மூன்று வேலையையும் ஒரே பாட்டிலில் அடைத்து விற்கிறார்களே, அதற்கு அவர் வைத்திருந்த பெயர் சோம்பேறி பாட்டில். கம்பெனி ஆள் மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போன ஒன்று மேல்தட்டில் சும்மா கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சும்மா கிடக்கவில்லை. பாதி காலியாகியிருந்தது. பழைய இரும்புக் கடையிலிருந்து நசுங்கிய பானெட் ஒன்றைக் கொண்டுவந்து, நான்கு ஞாயிற்றுக்கிழமை அதன்மேல் கை பழகியிருந்தாள் சின்னக்கா. மெஷினில் மாட்டும் பஞ்சுப் பேடில் எதோடு போட்டால் எவ்வளவு கீறல் போகும், எது போகவே போகாது, எத்தனை முறை கழுவும்வரை மேலே விழும் தண்ணீர் உருண்டோடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அன்று காலை அண்ணி கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார். எட்டரை மணிக்கு ஒரு கறுப்புக் கார் தயங்கித் தயங்கி உள்ளே வந்தது. இறங்கிய டிரைவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அக்கா, மூணு மணிக்கு வண்டிய ஹோட்டல்ல காட்டணும். பிடிச்சிருந்தா விருந்தாளிங்கள ஏத்தி இறக்குற வேலை, ஒரு வருஷத்துக்கு. பிடிக்கலைன்னா அவ்ளோதான்."

"வண்டிக்கு என்ன ஆச்சு?"

"என் மச்சான் ஆச்சு."

பறவை எச்சம் காய்ந்து போய் ஒட்டியிருந்ததாம். நேற்று சாயங்காலம், அக்காள் புருஷனுக்கு உதவி செய்யலாம் என்று நல்ல மனசோடு, பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்து பானெட்டையும் இரண்டு கதவுகளையும் தேய்த்துத் தள்ளிவிட்டான் மச்சான். சின்னக்கா டார்ச்சை அடித்துப் பார்த்தாள். பூனை பிராண்டிய திரைச்சீலை மாதிரி இருந்தது.

"நல்லவேளை, கண்ணாடியையும் தேய்க்காம விட்டாரே."

"அதையும் தேய்க்கத்தான் போனான். என் சம்சாரம் நாரைப் பிடுங்கிட்டா."

சின்னக்கா பெயின்ட்டின் கனம் பார்க்கும் மீட்டரை எடுத்து வந்து பானெட்டில் எட்டு இடத்தில் வைத்தாள். சாதாரணமாக நூறுக்கு மேல் காட்ட வேண்டிய இடத்தில் எழுபத்தெட்டு, எழுபத்தைந்து என்று காட்டியது. ஒரு மூலையில் எழுபத்தொன்று.

"இதுக்கு முன்னாடி எங்க பாலிஷ் போட்டீங்க?"

"வருஷா வருஷம் போடுவேன். வண்டி கழுவுற இடத்துல. நல்லா அழுத்தி போடுவாங்க."

அழுத்தித்தான் போட்டிருக்கிறார்கள். மேல்பூச்சில் பாதியை ஏற்கெனவே தின்றுவிட்டார்கள். இதற்கு மேல் வெட்டு மருந்தை வைத்து ஒரு கை ஓட்டினால் பெயின்ட்டே பல்லை இளித்துவிடும். சின்னக்கா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மேல்தட்டில் இருந்த, கீறலை மெல்லவே வெட்டும் அந்தப் பாட்டிலை எடுத்தாள்.

வண்டியைக் கழுவித் துடைத்ததும் சோதித்துப் பார்க்க பானெட்டில் ஒரு சாண் இடத்தைச் சுற்றி டேப் ஒட்டினாள். மெத்தென்ற பேடில் மருந்தை வைத்து ஓட்டிப் பார்த்தாள். பளபளப்பு வந்தது, கீறல் அப்படியே இருந்தது. பேடைக் கழற்றி, அதைவிடக் கொஞ்சம் கெட்டியான ஒன்றை மாட்டினாள். மெஷினை நடை வேகத்தில், குறுக்கும் நெடுக்குமாக நான்கு முறை நகர்த்தினாள். துணியால் துடைத்ததும் டிரைவர் குனிந்து பார்த்தார். அவர் முகம் தெளிவாக அதில் தெரிந்தது; காலையிலிருந்து சீவாத தலையும் தெரிந்தது.

"அக்கா, இதுதான். இதேதான் வேணும்."

"இருங்க. இந்த ரெண்டு கோடு பாத்தீங்களா?"

"அது போகலையே?"

"போகாது. போக வெச்சா பெயின்ட்டும் கூடவே போயிடும். நாலடி தள்ளி நின்னா கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் இன்னொண்ணு, இந்த மெழுகு ரொம்ப நாள் நிக்காது. நாலு மாசம் கழிச்சு ஒரு தடவை கொண்டு வாங்க. சம்மதமா?"

டிரைவர் தலையாட்டினார். மெஷின் ஓடத் தொடங்கியது.

பன்னிரண்டு மணிக்கு பானெட்டும் கூரையும் இடப்பக்கமும் முடிந்திருந்தன. அப்போது ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அண்ணி, ஒரு கன்னம் உப்பியிருக்க, வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு இறங்கினார். மேஜைமேல் இருந்த பாட்டிலைப் பார்த்தார். அடுத்து காரைப் பார்த்தார். கடைசியாகச் சின்னக்காவைப் பார்த்தார்.

"ஓம்பேழி ஆட்டிழ்!" என்றார்.

"அண்ணி, பஞ்சு விழுந்துடும்."

"உஞ்சு விழ்ட்டும்!"

வாய் மரத்துப்போனதால் திட்ட முடியவில்லை என்பதே அவருக்குப் பெரிய ஆத்திரமாக இருந்தது. கையை ஆட்டினார், பாட்டிலைக் காட்டினார், மூன்று விரலை நீட்டினார். டிரைவர் மெல்ல நகர்ந்து தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

சின்னக்கா மீட்டரை எடுத்து அண்ணியின் கையில் வைத்தாள். "நீங்களே பாருங்க. இன்னும் தொடாத கதவுல வெச்சுப் பாருங்க."

அண்ணி வைத்துப் பார்த்தார். எழுபத்தாறு. மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்பதுபோல் தன் சேலையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். எழுபத்தைந்து. டார்ச்சை வாங்கிக்கொண்டு முடிந்த பக்கத்துக்குப் போனார். குனிந்து, பக்கவாட்டில் சாய்ந்து, மூக்கு இடிக்காத குறையாகப் பார்த்தார். பதினேழு வருடமாகக் குறை கண்டுபிடித்தே பழகிய கண். அந்த இரண்டு கோடுகளில் போய் நின்றது.

"தெரிஞ்சேதான் விட்டேன், அண்ணி. சொல்லிட்டுத்தான் விட்டேன்."

அண்ணி நிமிர்ந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். செருப்பை உதறிவிட்டுக் கடை ஷூவை மாட்டினார். இன்னொரு மெஷினை எடுத்துக்கொண்டு வலப்பக்கக் கதவுக்குப் போனார். பேடில் மருந்தைக் குழம்பு ஊற்றுவதுபோல் ஊற்றினார்.

"ஐயோ, நாலு சொட்டு போதும் அண்ணி! வெட்டு மருந்து மாதிரி அழுத்தவும் வேணாம். மெஷின் கனமே போதும், நீங்க சும்மா வழி காட்டுங்க."

தன் கடையில், தன் மெஷினைப் பிடித்துக்கொண்டு, தம்பி பெண்டாட்டியிடம் பாடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று அண்ணிக்கு ஒரு கணம் முகம் சிவந்தது. ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் அவருக்கு ரோஷம் இரண்டாம் பட்சம். பேடைத் துடைத்துவிட்டு நான்கு சொட்டு வைத்தார். எண்ணித்தான் வைத்தார். கதவு முடிந்ததும் துணியால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து, "ம்" என்றார். அந்த 'ம்'மின் எடை சின்னக்காவுக்குத் தெரியும். எதுவும் தெரியாததுபோல் பின்கதவுக்கு நகர்ந்துவிட்டாள்.

இரண்டே காலுக்கு வண்டி வெயிலில் போய் நின்றது. டிரைவர் அதை மூன்று முறை சுற்றி வந்தார், டயர் வால்வு மூடியைக்கூடத் தொட்டுப் பார்த்தார். "தலைய சீவிட்டுப் போங்க" என்று சின்னக்கா சொல்லியனுப்பினாள்.

மூன்றே முக்காலுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. சின்னக்கா சத்தத்தைக் கூட்டி அண்ணிக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அக்கா, எடுத்துக்கிட்டாங்க! பார்க்க வந்தவர் அந்த ரெண்டு கோட்டையும் கண்டுபிடிச்சிட்டார். நீங்க சொன்னத அப்படியே சொன்னேன், போக வெச்சா பெயின்ட்டும் போயிடும்னு. யாரு உங்களுக்கு இப்படி சொன்னதுன்னு கேட்டார். கடை பேரு சொன்னேன். அவங்ககிட்ட ஓடுற வண்டி ரெண்டு இருக்காம், நாளைக்கு அனுப்பலாமான்னு கேக்குறார்."

மரமரப்பு விட்டிருந்தது. அண்ணி பஞ்சைத் துப்பிவிட்டு, போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார்.

"அனுப்பச் சொல்லுங்க தம்பி. முதல்ல கனம் பார்ப்போம். எது தேவையோ அதைப் போடுவோம். எங்க சின்னவ பார்த்துச் சொல்லுவா."

போனை வைத்ததும் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து, ஆறிப்போன சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அண்ணியால் மெல்ல முடியவில்லை. சின்னக்கா அவருடைய சோற்றில் தயிரை விட்டுக் குழையப் பிசைந்து கொடுத்தாள்.

"கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டு ஆறு பாட்டில் சொல்லு" என்றார் அண்ணி, முதல் வாயை விழுங்கிவிட்டு. "பேடும் சொல்லு. நீ மாட்டினியே, அந்தக் கெட்டியானது."

"காலையிலயே சொல்லிட்டேன் அண்ணி" என்றாள் சின்னக்கா.